சமையலறையில் ஒரு ஜீப்பின் பேட்டரி

என் கணவர் மருதப்பன் பக்கவாதத்தில் விழுந்த பத்தாம் நாள் அவருடைய ஜீப்பை விற்றேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. வீட்டில் பணமுடையும் இல்லை. அவர் ஆஸ்பத்திரியில் வலது கையும் காலும் அசையாமல் கிடக்க, நான் கைபேசியில் நாலு தட்டு தட்டி வண்டியை வேறொருவர் பெயருக்கு மாற்றிவிட்டு, ரசம் வைத்துச் சாப்பிட்டேன். அன்றைக்கு ரசம் நன்றாக வந்திருந்தது.

வண்டி என் பெயரில்தான் இருந்தது. எங்கள் இருபத்தைந்தாவது திருமண நாளுக்கு அவர் எனக்குக் கொடுத்த பரிசு அது. எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. லைசன்ஸ் எடுக்கிறேன் என்று ஒரு காலத்தில் கேட்டதற்கு, “உனக்கென்ன தெரியும், பஸ்ஸுல போ” என்றவர்தான், இடுப்புயரச் சக்கரம் வைத்த காட்டு ஜீப்பை என் பெயரில் எழுதி, சாவியைத் தாம்பாளத்தில் வைத்து எல்லோர் முன்னாலும் நீட்டினார். அவருடைய கூட்டாளிகள் கைதட்டினார்கள். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். சாயங்காலத்துக்குள் சாவி அவர் பாக்கெட்டுக்கே திரும்பிவிட்டது.

சிங்கப்பூரில் அந்த மாதிரி வண்டிக்குக் காடு ஏது? மாதத்துக்கு ஒரு முறை நாலைந்து பேராக மலேசியாவுக்குப் போவார்கள். அங்கே சேற்றில் வண்டியை இறக்கிவிட்டு, அப்புறம் பாடுபட்டு அதே வண்டியை வெளியே இழுத்துக்கொண்டு வருவார்கள். இதற்குப் பெயர் பொழுதுபோக்கு. மற்ற மூன்று வாரமும் ஜீப், செங்காங்கில் எங்கள் குடியிருப்பு புளோக்குக்குப் பக்கத்தில் உள்ள அடுக்குமாடிக் கார்பார்க்கின் மொட்டைத் தளத்தில் வெயில் காய்ந்துகொண்டு நிற்கும்.

நிற்கிற வண்டியில் பேட்டரி இறங்கிவிடுமாம். அதற்காகக் கூரைமேல் ஒரு சூரியப் பேனலைப் பொருத்தினார். அதிலிருந்து வயர் உள்ளே போய், சார்ஜை அளந்துவிடும் ஒரு டப்பாவுக்கும் அங்கிருந்து பேட்டரிக்கும் போகும். கூடவே சிம் கார்டு போட்ட ஒரு சின்னப் பெட்டி. பேட்டரியில் எத்தனை வோல்ட் இருக்கிறது, எத்தனை மணிக்கு எவ்வளவு வெயில் விழுந்தது என்பதெல்லாம் அவர் கைபேசியில் கோடாக வரும். கல்யாண வீடோ சாவு வீடோ, உட்கார்ந்த இடத்தில் அதை எடுத்துப் பார்த்துவிட்டு, “பன்னெண்டு பாயிண்ட் எட்டு” என்று தனக்குத்தானே சொல்லிச் சிரித்துக்கொள்வார். என் உடம்பில் சர்க்கரை எவ்வளவு என்று கேட்டிருந்தால் அவருக்குத் தெரியாது.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் நீங்கள் என்னைத் தாராளமாகத் திட்டலாம். எனக்குக் கர்ப்பப்பையை எடுத்த அன்று அவர் மலேசியாவில் பகாங் காட்டில் இருந்தார். தேதி ஒரு மாதம் முன்னாலேயே தெரியும். “சின்ன ஆபரேஷன்தானே, நிரஞ்சனா இருக்கால்ல” என்று கிளம்பிப் போய்விட்டார். நிரஞ்சனா எங்கள் ஒரே மகள், அப்போது அவளுக்குப் பரீட்சை நேரம். மூன்றாம் நாள் சேற்றுச் செருப்போடு வார்டுக்குள் வந்து, என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, இழுவைக் கயிறு அறுந்த கதையை அரைமணி நேரம் சொன்னார். எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை. தையல் வலியோடு அந்தக் கதையைக் கேட்டபோதே, இந்த வண்டியை ஒரு நாள் இல்லாமல் பண்ணுவேன் என்று முடிவு செய்துவிட்டேன். ஒன்பது வருஷம் காத்திருக்க வேண்டியதாகப் போயிற்று.

அவர் விழுந்த பிறகு பத்து நாள் பக்கத்திலேயே இருந்தேன். கஞ்சி ஊட்டினேன், வாய் ஓரத்தில் வழிந்ததைத் துடைத்தேன். பேச்சு வரவில்லை, வெறும் சத்தம்தான் வந்தது. பத்தாம் நாள் காலையில் நாக்கு திரும்பியது. நான் சந்தோஷத்தில் குனிந்து காதைக் கொடுத்தேன். “போன எடு. பேட்டரி பாக்கணும்” என்றார். எடுத்துக் கொடுத்தேன். பார்த்து முடித்ததும், இடது கையில் போனை மார்மேல் வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கிவிட்டார். வீட்டுக்கு வந்து விற்றேன்.

வாங்கியவர் காக்கி புக்கிட்டில் பழைய வண்டி வியாபாரம் செய்கிறவர். வண்டியை எடுத்துப் போக அருண்ராஜ் என்று ஒரு மெக்கானிக்கை அனுப்பினார். அந்தப் பையன் கூரையைப் பார்த்ததுமே உதட்டைப் பிதுக்கினான்.

“ஆன்ட்டி, இந்தப் பேனல், அது சார்ஜ் பண்ற ரெண்டாவது பேட்டரி, சிம் பெட்டி, குட்டி ஃப்ரிட்ஜ், இதெல்லாம் பாஸ் வேணாங்கிறாரு. கழட்டித் தூக்கிப் போட்டுடவா?”

போடு என்றுதான் வாய் வரைக்கும் வந்தது. போட்டால் கைபேசியில் கோடு நின்றுவிடும், அவர் கேட்பார், நான் சொல்ல வேண்டியிருக்கும். சொல்லுவதற்கு நான் பயப்படவில்லை. ஆனால் அவ்வளவு சீக்கிரம் அது முடிந்துபோவதில் எனக்கு விருப்பமில்லை.

“எங்க சமையலறையில மாட்டித் தர முடியுமா?” என்றேன்.

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். ஆனாலும் நல்ல பையன். பேனலைச் சமையலறை ஜன்னல் கம்பியில் கட்டி, பேட்டரியையும் டப்பாக்களையும் பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே வைத்து, குட்டி ஃப்ரிட்ஜையும் இணைத்துக் கொடுத்தான். “காலையில மட்டும்தான் இங்க வெயில் வரும் ஆன்ட்டி” என்றான். வருகிற வரைக்கும் வரட்டும் என்று சொல்லி, டீ போட்டுக் கொடுத்து அனுப்பினேன். ஃப்ரிட்ஜில், தெக்கா மார்க்கெட்டில் வாங்கிய மல்லிகைப் பூவை வைத்தேன். பூ நாலு நாள் வாடவில்லை.

பிடோக்கில் இருக்கும் நிரஞ்சனா சனிக்கிழமை வந்தாள். தொட்டிக்குக் கீழே பார்த்தவள் கத்திவிட்டாள்.

“அம்மா, இது டூ மச் லா! அப்பாவுக்குத் தெரிஞ்சா?”

“யாரு சொல்லப் போறா?”

அவள் அப்பாவிடம் சொல்லிவிடத்தான் நினைத்தாள். ஆனால் மறுநாள் ஆஸ்பத்திரியில் தெரப்பிஸ்ட் அஃப்னா எங்களைத் தனியாகக் கூப்பிட்டு, “அங்கிள் அந்த ஜீப்புல ஏறணும்னுதான் காலத் தூக்குறாரு. டெய்லி அதச் சொல்லித்தான் செய்ய வைக்கிறேன். அதுமட்டும் இல்லன்னா இந்த வயசுல எழுந்திருக்க மாட்டாரு” என்றாள். வெளியே வந்து நிரஞ்சனா கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு, “அவர் நடக்குற வரைக்கும்தான். டிஸ்சார்ஜுக்கு முன்னாடி நீங்களே சொல்லிடணும், ப்ராமிஸ்?” என்றாள். சத்தியம் செய்தேன். மகள் கண்ணுக்கு அன்றைக்கு நான் தியாகி ஆகிவிட்டேன்.

முதல் தடவை நடந்தது தற்செயல்தான். துவைத்த துண்டை ஜன்னல் கம்பியில் போட்டேன், அது பேனலை மூடிக்கொண்டது. குட்டி ஃப்ரிட்ஜ் பேட்டரியை உறிஞ்சிக்கொண்டே இருந்திருக்கிறது. மறுநாள் மத்தியானம் அவரிடமிருந்து போன் வந்தது.

“கமலா, பேட்டரி பன்னெண்டுக்கு வந்திடுச்சி. கொஞ்சம் மேல போய் பாக்குறியா? பேனல் மேல ஏதாச்சும் மறைக்குதா பாரு. ப்ளீஸ்மா.”

ப்ளீஸ் என்றார். மா என்றார். முப்பத்தாறு வருஷத்தில் ஏய் என்றும் இந்தா என்றும் கேட்டுப் பழகிய காது அது. போனைப் பிடித்தபடி சமையலறை நடுவில் நின்றேன். உடம்பெல்லாம் ஒரு சுகம் பரவியது, வெட்கமில்லாமல்தான் சொல்கிறேன். “இதோ போறேங்க” என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். மறுநாள் காலை துண்டை எடுத்தேன். சாயங்காலம் அவர் என் கையைப் பிடித்து, “நீ போய் பாத்தியா, ஏறிடுச்சி” என்றார்.

அதற்கப்புறம் தற்செயல் இல்லை. நான் கொண்டுபோன மீன் குழம்பில் உப்பு என்று முகம் சுளித்தால் துண்டு போடுவேன். அஃப்னாவிடம் எரிந்து விழுந்தார் என்று கேள்விப்பட்டால் துண்டு போடுவேன். பிறகு காரணமும் தேவைப்படவில்லை. நாலு நாளைக்கு ஒரு தடவை மூடினேன். போன் வரும், கெஞ்சுவார். மின்விசிறிக்குக் கீழே படுத்துக்கொண்டே, “இப்பதாங்க மேல ஏறினேன், என்ன வெயிலு இங்க” என்று சொல்லிச் சிரிப்பேன். அவரும் அந்தப் பக்கம் லேசாகச் சிரிப்பார். பைத்தியம், நம்புகிறது என்று நினைத்துக்கொள்வேன்.

ஐந்தாவது வாரத்தில் மூன்று நாள் தொடர்ந்து துண்டை எடுக்காமல் விட்டேன். எதற்கு என்று கேட்டால் எனக்கே தெரியாது. எவ்வளவு தூரம் போகும் என்று பார்க்கத் தோன்றியது, அவ்வளவுதான். ஆஸ்பத்திரிப் பக்கமும் போகவில்லை, சளி என்று சொல்லிவிட்டேன். மூன்றாம் நாள் லிட்டில் இந்தியாவுக்குப் போய், பஃபலோ ரோட்டில் பூ வாங்கி, ஒரு கடையில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தேன். மேஜைமேல் போன் அவர் பெயரோடு அடித்துக்கொண்டே இருந்தது. பக்கத்து மேஜைக்காரர் திரும்பிப் பார்த்தார். நான் வடையைப் பிய்த்துச் சட்னியில் தோய்த்தேன்.

சாயங்காலம் அஃப்னா கூப்பிட்டாள். அங்கிள் இரண்டு நாளாகத் தெரப்பிக்கு எழுந்திருக்கவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, பேட்டரி செத்துவிடும் என்று சொல்லி அழுகிறார் என்றாள். “ஒரு வண்டி பேட்டரிக்கு யாராச்சும் அழுவாங்களா?” என்று அவளிடம் சொன்னேன். ஆனால் இரவு சரியாகச் சாப்பிட முடியவில்லை. மறுநாள் விடிந்ததும் துண்டை எடுத்துவிட்டேன். பதினோரு மணிக்குள் எண் ஏறியது. அன்றைக்கு அவர் கைத்தடியோடு எட்டு அடி நடந்தார் என்று நிரஞ்சனா குதித்துக்கொண்டு சொன்னாள்.

டிஸ்சார்ஜ் நாள் வந்தது. முந்தின வாரம் முழுக்க மகள் கேட்டுக்கொண்டே இருந்தாள், சொல்லிவிட்டீர்களா என்று. சொல்லிவிட்டேன் என்றேன். அவர் எப்படி எடுத்துக்கொண்டார் என்றாள். “பேசாம இருந்தாரு” என்றேன். பொய் சொல்லுவது அவ்வளவு லேசாக வந்தது.

நிரஞ்சனா காரில் அழைத்து வந்தாள். எங்கள் புளோக்கு கண்ணில் பட்டதும் முன் சீட்டிலிருந்து அவர் சொன்னார்.

“வீட்டுக்கு அப்புறம் போலாம். மொதல்ல மேல போம்மா. வண்டியப் பாத்துட்டு வந்திடறேன்.”

நிரஞ்சனாவின் கண், காரின் முன் கண்ணாடி வழியாகப் பின்சீட்டில் இருந்த என்னைத் தேடியது. நான் சொல்லவே இல்லை என்று அவளுக்கு அந்த நொடியில் புரிந்தது.

“அப்பா, வெயிலா இருக்கு, நாளைக்கு...”

“போ. அப்பாதான் கேக்குறாருல்ல” என்றேன் நான்.

அந்த முகத்தைப் பார்க்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். மறைத்துப் பேச ஒன்றுமில்லை. சேற்றுச் செருப்போடு வார்டுக்குள் வந்த மனிதருக்கு ஒரு நாளாவது வலிக்க வேண்டும், அது என் கண்முன் வலிக்க வேண்டும் என்று இருந்தது.

மொட்டைத் தளத்தில் லிஃப்ட் ஓரமாக நிரஞ்சனா காரை நிறுத்தினாள். சக்கர நாற்காலி வேண்டாம் என்றார். நாலு கால் வைத்த கைத்தடியை இடது கையில் ஊன்றி நடந்தார். வலது காலைத் தரையில் இழுத்து, நின்று, மூச்சு வாங்கி, மறுபடி இழுத்து. நாற்பத்திரண்டு அடி. ஆஸ்பத்திரியில் அவர் இருபதுக்குமேல் போனதில்லை. சட்டை முதுகோடு நனைந்து ஒட்டிக்கொண்டது. நிரஞ்சனா தாங்கப் போனாள், கையை உதறினார். முகத்தில் சின்னப் பிள்ளை மாதிரி ஒரு பெருமை.

மூலைத் தூணுக்குப் பக்கத்தில், ஜீப் நிற்கும் இடத்தில், யாருடையதோ ஒரு வெள்ளைக் கார் நின்றது. பின்சீட்டில் குழந்தை நாற்காலி தெரிந்தது. அவர் நின்றார். அடுத்த வரிசையைப் பார்த்தார். அதற்கடுத்த வரிசையைப் பார்த்தார். தடியை ஊன்றித் திரும்பி, தளம் முழுக்க ஒவ்வொரு வண்டியாகப் பார்த்துக்கொண்டே வந்தார். இடத்தை மறந்துவிட்ட ஆள் தேடுகிற மாதிரி தேடினார்.

“எங்க கமலா, வேற எடத்துல நிறுத்தச் சொன்னாங்களா?”

“வித்துட்டேன்.”

“எப்போ?”

“நீங்க பேட்டரி பாக்கணும்னு சொன்னீங்களே, அன்னிக்கு.”

அவர் கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தவில்லை. யோசித்தார். யோசிக்கும்போது வாய் ஒரு பக்கம் கோணியது.

“பேனல சமையலறையில கட்டியிருக்கேன்” என்றேன், அவர் கேட்காமலே.

“அது தெரியும்.”

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை.

“பதினொன்னரைக்கு மேல கோடு கீழ எறங்கிடுது. இங்க அப்படி ஆகாது, சாயங்காலம் வரைக்கும் வெயில் வரும். நம்ம வீட்டுல காலை வெயில் வர்றது சமையலறை ஜன்னல் ஒன்னுதான். ரெண்டாம் நாளே கண்டுபுடிச்சிட்டேன்.” மூச்சு வாங்க நின்றுவிட்டுச் சொன்னார். “இங்க மேல ஏதோ வேலை நடக்குது, வண்டியக் கீழ்த்தளத்துல விடச் சொல்லிருப்பாங்க, அங்க வெயில் வராதே, என் பேட்டரி செத்துடக்கூடாதுன்னு நீ ஆளப் புடிச்சி கழட்டி வீட்டுல வச்சிக் காப்பாத்துறேன்னு நெனச்சேன். இப்ப வேலை முடிஞ்சி வண்டி மேல வந்திருக்கும்னுதான் இங்க வந்தேன். பக்கத்துக் கட்டில் அழகேசன்கிட்டகூடச் சொன்னேன். என் பொண்டாட்டிக்கு அந்த வண்டியக் கண்டா ஆகாது, எனக்காகப் பேட்டரியத் தூக்கி சமையலறையில வச்சிருக்கான்னு.”

நிரஞ்சனா வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அப்புறம் ஏன் மேல போய் பாரு, மேல போய் பாருன்னு...” என்றேன்.

“நீ என்கிட்ட மறைச்சி வச்சிருந்த. ஏதோ ஆசையா பண்றா, தெரிஞ்ச மாதிரி காட்டிக்க வேணாம்னுதான். நீயும் போன்ல சிரிச்சிக்கிட்டே பேசுவ. நல்லா இருந்திச்சி எனக்கு.”

அந்தச் சிரிப்பை அவர் அப்படி எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறார். ஐயோ என்று இருந்தது எனக்கு, உண்மையாகவே ஐயோ என்று இருந்தது.

அவர் என்னையே பார்த்தார். அவ்வளவு நேராக அவர் என்னைப் பார்த்து எத்தனையோ வருஷம் ஆகியிருக்கும்.

“நடுவுல நடுவுல மறைஞ்சிடுமே, அது நீ துணி காயப் போட்டதுதானே?”

ஆமாம் என்று ஒரு சொல் போதும். அவர் அதைத்தான் கேட்டார், கையேந்திக் கேட்டார். வண்டியை எடுத்துக்கொண்டாய், அதையாவது விட்டுவை என்று கேட்டார். எனக்கு அது நன்றாகப் புரிந்தது. புரிந்தும், ஒன்பது வருஷமாக உள்ளே கிடந்த ஒன்று முந்திக்கொண்டது.

“இல்ல. வேணும்னேதான் மூடினேன். நீங்க கெஞ்சறதக் கேக்க நல்லா இருந்திச்சி.”

அவர் தலையை ஆட்டினார். சரி, புரிந்தது என்பது போல இரண்டு தடவை ஆட்டினார். பிறகு தடியை விட்டுவிட்டார். விழவில்லை. வெள்ளைக் காரைப் பிடித்துச் சரிந்து, சுடுகிற சிமெண்டுத் தரையில் மெதுவாக உட்கார்ந்துகொண்டார். நிரஞ்சனா ஓடிப்போய்ச் சக்கர நாற்காலியைக் கொண்டு வந்தாள். என்னிடம் அவள் இன்றுவரை தேவைக்குமேல் பேசுவதில்லை.

நாலு மாதம் ஆகிறது. வாரம் இரண்டு நாள் தெரப்பிக்குக் கூட்டிப் போகிறேன். காலில் பலம் இருக்கிறது என்கிறார்கள், ஸ்கேன் நன்றாக இருக்கிறது என்கிறார்கள், அவர் மனசு வைத்தால் போதும் என்கிறார்கள். அவர் எழுந்திருப்பதில்லை. கோபமாகப் பேசுவதும் இல்லை, உப்பு காரம் எதற்கும் குறை சொல்வதில்லை. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து கழிவறைக்கு, ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை நான்தான் தூக்குகிறேன். என் ஆபரேஷன் தழும்பு இழுத்துப் பிடிக்கிறது.

நேற்றுக் காலை முடியாமல் அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டேன். பேனலையும் பேட்டரியையும் எப்போதோ குப்பைக்குக் கொடுத்துவிட்டேன், இனி மூடுவதற்கும் திறப்பதற்கும் என் கையில் ஒன்றுமில்லை. வெட்கத்தை விட்டுக் கெஞ்சினேன்.

“என்னங்க, ஒரு நாலு அடி நடங்க. எனக்காக வேணாம், உங்களுக்காகவாச்சும் நடங்க. ப்ளீஸ்ங்க.”

அவர் குனிந்து என் தலையைப் பார்த்தார். குரலில் கோபமே இல்லை, நிஜமாகவே தெரியாமல் கேட்கிறவர் மாதிரி கேட்டார்.

“நடந்து எங்க போறது, கமலா?”